டொமினார் 400 ஆ, சிபி 400 ஆ? வன்னி ரோட்டுக்கு எது?

ஜூன் 8, 2024 – கேள்வி

அண்ணை, நான் விசுவமடு. வேலை கிளிநொச்சி ரவுணில். போய்வர ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து, ஐம்பது கிலோமீற்றர் வரும். கையில் இருக்கிற பல்சர் 150 ஐ விற்றுவிட்டுப் பெரிசாக ஒன்று எடுக்கப் போகிறேன். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பஜாஜின் 2018 டொமினார் 400, ஒற்றைச் சிலிண்டர். மற்றது ஹொண்டாவின் 2003 சிபி 400 சுப்பர் ஃபோர், நாலு சிலிண்டர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நாலு சிலிண்டருக்கு முன்னால் ஒற்றைச் சிலிண்டர் நிற்காது என்று கூட்டாளிகள் எல்லாரும் சொல்கிறார்கள். உங்களிடம் சிபி இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, 2024 – இரவு

டொமினாரை எடு தம்பி. சிபி வைத்திருக்கிறவன்தான் சொல்கிறேன்.

என்னுடையது 2001 மொடல். 2019 இல் வாங்கினேன். கிளிநொச்சியிலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் படிப்பிக்கப் போகிறேன். ஏ9 ஆல் மாங்குளம், அங்கே திரும்பினால் முல்லைத்தீவுக்குப் போகிற ஏ34. ஒரு வழி ஐம்பத்தைந்து கிலோமீற்றர் அளவில். ஐந்து வருஷம் அந்த ரோட்டில் ஓடிவிட்டேன். சிபியின் 53 குதிரைவலு முழுதாகத் தேவைப்பட்ட ஒரு நாளைக்கூட என்னால் நினைவுபடுத்த முடியவில்லை. அந்த 53 வருவது நிமிடத்துக்கு 11,000 சுற்றில். 70 இல் ஆறாம் கியரில் போனால் எஞ்சின் சுற்றுவது நாலாயிரம் சொச்சம்தான். அந்த நேரம் பதினாறு வால்வில் எட்டுத்தான் வேலை செய்யும். மற்ற எட்டும், சுற்று ஏறினதும் அவற்றைச் சேர்த்துவிடுகிற ஹொண்டாவின் வி-டெக் திறந்தால்தான் எழும்பும். உன் கூட்டாளிகள் சொல்கிற சத்தம் அதுதான். நல்ல சத்தம், மறுக்கமாட்டேன். ஆனால் ஆறாம் கியரில் அதைக் கேட்க 110 தாண்ட வேண்டும். எங்கே தாண்டப் போகிறாய்? அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளை விடவே மாட்டார்கள். ஏ9 இல் மாடு விடாது.

டொமினாருக்கு 35 குதிரைவலுதான். ஆனால் அதன் இழுவை 6500 சுற்றுக்குள் முழுதாக வந்துவிடும். நெல் ஏற்றின லொறியைக் கடக்கக் கியரைக் குறைத்து அலற விடத் தேவையில்லை.

பெற்றோல்: என்னுடையது லீற்றருக்கு 18. என் மச்சானின் டொமினார் 28 கொடுக்கிறது என்று அவன் சொல்கிறான். பாரமும் டொமினாருக்குத்தான் கூட, 182 கிலோ. சிபி 168. அதில் மட்டும் சிபி வெல்லும்.

ஜூன் 9, 2024

பாரத்தைப் பற்றி நேற்றுப் பிழையாக எழுதிவிட்டேன். சிபிக்கு நான் போட்டது வெறும் பாரம். அதாவது ஒயில், பெற்றோல், ரேடியேற்றர் தண்ணீர் ஒன்றும் சேராதது. டொமினாரின் 182 எல்லாம் சேர்ந்தது. சிபியின் தாங்கி 18 லீற்றர். நிரப்பினால் பெற்றோலே பதின்மூன்று கிலோ வரும். எல்லாம் சேர்த்தால் அது 190 ஐத் தொடும். ஆகவே டொமினார்தான் இலேசானது. பழைய யப்பான் கற்றலொக்குகளில் வெறும் பாரம்தான் போடுவார்கள். வேறு ஒன்றோடு ஒப்பிடும்போது இதைக் கவனி, நான் கவனிக்கவில்லை.

ஜூன் 16, 2024

"கார்பரேற்றரில் என்ன கரைச்சல் அண்ணை, பல்சரிலும் அதுதானே இருக்கு" என்று கேட்டிருக்கிறாய். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான் அது. பல்சரில் ஒன்று. இதில் நாலு.

2022 ஜூலையில் பெற்றோல் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தார்கள். நாலைப் பதினெட்டால் பெருக்கு, 72 கிலோமீற்றர். நான் ஒருக்கால் பள்ளிக்கூடம் போய்வரவே 110 வேண்டும். அப்போது நான் செய்தது, சிபியை விறாந்தையில் விட்டுத் தறப்பாளால் மூடினதுதான். மூன்று மாதத்துக்கு மேல் தொடவில்லை. தொட்டபோது எடுபடவில்லை. கழற்றிப் பார்த்தால் நாலு கார்பரேற்றர் கிண்ணத்தின் அடியிலும் பெற்றோல் காய்ந்து பச்சை கலந்த பிசினாகப் படிந்திருந்தது. பெற்றோல் போகிற சிறிய ஜெற்றின் துளை ஊசி நுழையாத அளவு. அதில் ஒன்று அடைத்தாலும் ஒரு சிலிண்டர் சோம்பிவிடும், வண்டி நொண்டும். நாலையும் துப்பரவாக்கிப் பூட்டினால் வேலை முடியாது. நாலும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி சமப்படுத்த வேண்டும். அதற்கு நாலு குழாய் உள்ள அளவுமானி வேண்டும்.

நிறுத்தி வைப்பதற்கு முதல் பெற்றோல் திருகைப் பூட்டி, கிண்ணங்களின் அடியில் இருக்கிற சின்னத் திருகாணியைத் தளர்த்தி வடித்திருந்தால் ஒன்றும் நடந்திராது. பத்து நிமிட வேலை. எப்படியும் சிபியைத்தான் எடுப்பேன் என்றால் இதை முதலில் பழகு.

டொமினாரில் கார்பரேற்றரே இல்லை. மின்சாரத்தால் பெற்றோலைத் தெளிக்கிற இன்ஜெக்ஷன். அதில் இந்தக் கரைச்சல் ஒன்றும் கிடையாது.

ஜூலை 2, 2024

மச்சானும் நானும் ஒரு மாதத்துக்கு வண்டி மாற்றியிருக்கிறோம். அவன் வட்டக்கச்சி. மற்றவன் சொன்னதை வைத்து உனக்குப் புத்தி சொல்வது சரியாகப் படவில்லை, அதுதான் காரணம். இன்றைக்கு நாலாம் நாள்.

ஏறி இருந்தவுடன் தெரிவது உயரம். சீற் 800 மில்லிமீற்றர். சிபி அதைவிட ஒரு சாண் குறைவு என்று எழுத வந்தேன், அளந்து பார்த்தேன், இரண்டு விரல்தான். ஆனாலும் கிரவல் ஒழுங்கையில் கால் ஊன்றும்போது அந்த இரண்டு விரல் தெரிகிறது. நான் ஐந்தடி ஐந்து.

பெற்றோல் மச்சான் சொன்னபடியே வருகிறது. மாங்குளத்துக்குப் போகும்வரை கை கொஞ்சம் விறைக்கிறது. ஒற்றைச் சிலிண்டரில் அது இருக்கத்தான் செய்யும். பெரிய பிஸ்டன் ஒன்று தனியாக ஏறி இறங்குகிறது, எதிரில் ஈடு கொடுக்க வேறொன்று இல்லை. சிபியில் இரண்டு ஏறும்போது இரண்டு இறங்கும். பின் கண்ணாடியில் அந்த வித்தியாசம் தெரியும். சிபியின் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ்ஸின் பெயரை வாசிக்கலாம். இதில் பஸ் என்று தெரிகிறது, நிறம் தெரிகிறது.

இன்னொன்று, மெதுவாகப் போகும்போது. உழவு மெசின் பின்னால் ஆறாம் கியரில் இழுத்துக்கொண்டு போனால் செயின் அடிக்கிறது. நாலாவதுக்கு வா என்று அதுவே சொல்லும். சிபி ஆறாம் கியரிலேயே 40 இல் தூங்கிக்கொண்டு போகும். ஐந்து வருஷம் இந்த ஒன்றை நான் கவனித்ததே இல்லை. இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

ஜூலை 5, 2024

வி-டெக் எந்தச் சுற்றில் திறக்கும் என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். என்னுடையதில் 6750. 1999 இல் வந்த முதல் வி-டெக் மொடல் அப்படித்தான். அதற்குப் பிறகு வந்ததில் 6300 ஆக்கினார்கள். தம்பி பார்க்கிற 2003 பிந்தியது. இரண்டாம் கியரில் இழுத்தால் 60 அளவிலேயே அந்தச் சத்தம் வரும். ஆகவே "110 தாண்ட வேண்டும்" என்று நான் எழுதினது ஆறாம் கியருக்கு மட்டும்தான். சத்தத்துக்காக எடுக்கிறவனுக்கு இது ஒரு நல்ல செய்தி, மறைக்கக்கூடாது.

ஜூலை 21, 2024

இரவு ஓட்டம். இதைத்தான் முதலே எழுதியிருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் இழுபட்டு, ஒட்டுசுட்டானிலிருந்து வெளிக்கிட ஏழரை ஆகிவிட்டது. ஏ34 இல் மாங்குளம் வரை இரண்டு பக்கமும் காடு. ரோட்டு லைற் இல்லை. இந்த நாட்களில் மாடுகள் இருட்டினதும் தாரில் வந்து படுத்துவிடும். பகல் முழுக்கக் காய்ந்த தார் இரவு பத்து மணிவரை சூடு விடும், நுளம்பும் குறைவு. எருமை என்றால் அதுவும் கறுப்பு, ரோட்டும் கறுப்பு. கண் மட்டும் மின்னும், அதுவும் நம் பக்கம் பார்த்தால்தான்.

டொமினாரின் எல்ஈடி வெளிச்சம் வெள்ளையாக, தூரமாக, ரோட்டின் இரு கரையையும் காட்டிக்கொண்டு போனது. ஓலுமடுப் பக்கம் போகிற கிளை ரோட்டுக்குக் கிட்ட வளைவில் ஐந்தாறு மாடு, நடுவில் ஒரு கன்று. எனக்குப் பிரேக் பிடிக்க நேரம் இருந்தது. பதறி இரண்டு கியர் ஒன்றாகக் குறைத்தேன், பின் சில்லு துள்ளவில்லை. அதன் கிளச் வழுக்கிக் கொடுக்கிற வகை. நிறுத்தி, ஹோர்ன் அடித்து, ஒவ்வொன்றாக எழும்பும்வரை காத்திருந்தேன். கன்று எழும்பவே இல்லை, இறங்கிப் போய்த் தட்டி எழுப்பினேன்.

சிபியின் பழைய மஞ்சள் வெளிச்சத்தில் அதே வளைவில் போனவருஷம் ஒரு பசுவின் வாலை என் முழங்கால் உரசியிருக்கிறது. அன்றைக்கு வீட்டில் சொல்லவில்லை. இன்றைக்கும் இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

யானையும் உண்டு அந்தப் பக்கத்தில். அதைக் கண்டால் வெளிச்சத்தின் வித்தியாசம் பேசுகிற நேரமில்லை, திரும்பி வருவதுதான்.

ஆகஸ்ட் 4, 2024

"சிபிக்கு சைலன்சர் மாற்றினால் சத்தம் இன்னும் நன்றாக இருக்கும்" என்று எழுதினவருக்கு: மாற்றாதீர்கள். கிளிநொச்சியில் புகையிரதப் பாதை ஏ9 ஓடு ஒட்டிப் போகிறது. பக்கத்து ஒழுங்கைகள் அதைக் குறுக்கே வெட்டுகிற இடங்கள் எத்தனை என்று ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும், எல்லாவற்றிலும் கேற் இல்லை. 2013 இல் ரெயின் திரும்பி வந்தபோது நாங்கள் இருபது வருஷத்துக்கு மேல் ரெயின் சத்தம் கேளாத சனம். ஹெல்மற்றுக்குள் இருக்கிற காதுக்குக் கொஞ்சமாவது கேட்கட்டும்.

ஆகஸ்ட் 18, 2024

மாற்றின வண்டி திரும்பிவிட்டது. ஒரு மாதம் என்றோம், ஏழு கிழமை ஆகிவிட்டது. மச்சானுக்கு விட மனமில்லை.

இந்த ஏழு கிழமையில் என் கணக்கில் வராமல் இருந்த ஒருவர் அம்மா. அவவுக்கு 68 வயது. மாதம் ஒருக்கால் கிளினிக், வெள்ளிக்கிழமையில் உருத்திரபுரம் சிவன் கோயில். சேலையோடு ஒரு பக்கமாக இருந்துதான் வருவா. டொமினாரில் பின் சீற் தனியாக, மேலே தூக்கி, சின்னதாக இருக்கிறது. முதல் வெள்ளி ஏறுவதற்கு விறாந்தைக் கட்டில் நின்று காலைத் தூக்கிப் பார்த்தா, பிறகு இறங்கினா. "எனக்குப் பயமாக் கிடக்கு, நான் ஓட்டோவில வாறன்" என்றா. அடுத்த வெள்ளி நான் கெஞ்சி ஏற்றினேன். வழி முழுக்க என் தோள்மூட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. என்னிலும் பிழை, ஒற்றைச் சிலிண்டரின் இழுவைக்கு என் கை அப்போது பழகவில்லை. ஒவ்வொரு கியருக்கும் அவ பின்னால் சரிந்தா.

சிபியின் சீற் நீளமாக, தட்டையாக, பதிவாக இருக்கும். நேற்று அது வந்தவுடன் அதில் ஏறி இருந்து, சேலைத் தலைப்பை மடியில் செருகிவிட்டு, "இது எங்கட வாங்கு" என்றா.

தம்பி, உன் பின்னால் யார் இருக்கப் போகிறார்கள் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, 2024

அம்மா அப்பா இரண்டு பேரும் முல்லைத்தீவில் அக்காவோடு, பின்னால் இருக்கப் போவது கல்யாணம் கட்டினால் வருகிறவ என்று பதில் போட்டிருக்கிறாய். சரி. அவவையே கொண்டுபோய் இரண்டிலும் இருத்திப் பார். இன்னும் பேசவில்லை என்றால் அக்காவை இருத்திப் பார்.

செப்டெம்பர் 15, 2024

கார்பரேற்றரைச் சொல்லி உன்னைப் பயமுறுத்திவிட்டேன் என்கிறாய். யோசித்துப் பார்த்தேன். அந்த ஜூன் 16 குறிப்பில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். நாலையும் கழற்றினது யார், பூட்டினது யார் என்று சொல்லவில்லை.

பரந்தனில் ஒரு ஐயா. அறுபது தாண்டியவர். போர்ட் இல்லாத கராச், ஒரு பூவரச மரமும் தகரமும். கார்பரேற்றரைக் கையில் எடுத்தால் ஜெற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், ஊதிப் பார்ப்பார், காற்று போகிற சத்தத்திலேயே துளையின் அளவைச் சொல்லுவார். நாலு குழாய் அளவுமானி அவரிடம் இல்லை. சேலைன் குழாயை வெட்டி, ஒயில் ஊற்றி, ஒரு பலகையில் அடித்து அவரே செய்துகொண்டார். குழாய் இரண்டில் ஒயில் ஒரே மட்டத்தில் நின்றால் அந்த இரண்டு கார்பரேற்றரும் சமம். பிறகு அடுத்த சோடி. ஒரு பின்னேரம் முழுக்க அந்தப் பலகைக்கு முன்னால் குந்தியிருந்தோம்.

இந்தக் கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இங்கே வயது வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பெற்றோல் தடை. எல்லாம் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, அதனால் பற்றாது. எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் பெற்றோல் காட்டி, எஞ்சின் சூடானவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். என் அப்பாவின் எம்டி 90 இல் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் எப்போதும் இருக்கும். தங்கம் மாதிரி வைத்திருப்பார், நாங்கள் தொட ஏலாது. உதைத்து, ஒரு சொட்டு, திரும்ப உதைத்து, ஒரு சொட்டு. பிடித்தால் ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. மண்ணெண்ணெய் முழுதாக எரியாது, கரி பிடிக்கும். மாதம் ஒருக்கால் தலையைக் கழற்றிக் கரி தட்டுவார். நான் பிளக்கை மண்ணெண்ணெயில் கழுவி மட்டத்தாளால் உரசிக் கொடுப்பேன். எனக்குப் பத்து வயது. மோட்டார் சைக்கிளின் மணம் என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான்.

2009 இல் அதை இரணைப்பாலையில் விட்டுவிட்டு நடந்தோம். அப்பா சாவியைக் கடைசிவரை வைத்திருந்தார்.

எதற்கு இதை எழுதினேன் என்றால், கார்பரேற்றர் என்பது இந்த ஊருக்குக் கரைச்சல் அல்ல. இந்த ஊருக்கு மிக நன்றாகத் தெரிந்த சாமான் அது.

ஒக்டோபர் 20, 2024

"இன்ஜெக்ஷனில் இந்தக் கரைச்சல் ஒன்றும் கிடையாது" என்று எழுதியிருந்தேன். கார்பரேற்றர் அடைப்பு கிடையாது, அது சரி. வேறு ஒன்று உண்டு.

மச்சான் வீட்டில் காலபோகத்துக்கு விதைநெல் மூட்டை விறாந்தையில் அடுக்கியிருந்தது. பக்கத்தில் டொமினார். ஒரு காலையில் எஞ்சின் லைற் எரிந்தபடி நிற்கிறது. எடுபடும், ஓடும், சூடானதும் தடுக்கும், நிற்கும். மெசின் பூட்டித்தான் என்ன பிழை என்று வாசிக்க வேண்டும் என்றார்கள். அந்த மெசின் பக்கத்தில் ஒருவரிடமும் இல்லை. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் வழி என்று பேசி முடித்து, பட்டாக்காரரும் வந்துவிட்டார். நான்தான் ஒருக்கால் பரந்தனில் காட்டுவோம் என்று மறித்தேன்.

ஐயா மெசின் ஒன்றும் பூட்டவில்லை. தாங்கியைத் தூக்கினார், ரோச் அடித்தார், மூக்கை வைத்து மணந்தார். "எலி மூத்திரம்" என்றார். வயர் கட்டைப் பிரித்துக்கொண்டு போனால் உள்ளே ஒரு வயரின் தோல் ஒரு அங்குலத்துக்குக் கடிபட்டு, செம்பு இழை இரண்டு மட்டும் மிச்சம். ஒட்டி, ரேப் சுற்றினார். லைற் அணைந்தது. முன்னூறு ரூபா வாங்கினார், மச்சான் ஆயிரத்தை வைத்துவிட்டு வந்தான்.

ஐயாவின் மூக்கு தப்பவைத்தது. ஆனால் பிழை சென்சருக்குள்ளேயே இருந்திருந்தால் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது, அவரும் அதைத்தான் சொன்னார். பற்றரி முழுதாகச் செத்தாலும் இதைத் தள்ளி எடுப்பது கடினம், பெற்றோல் பம்ப் ஓட மின்சாரம் வேண்டும்.

சிபி பக்கமும் நியாயம் சொல்லவேண்டும். 2021 இல் புளியங்குளத்துக்குக் கிட்டப் பின்னேரம் நின்றுவிட்டது. இருபது வருஷம் உழைத்த ரெகுலேற்றர் எரிந்து, பற்றரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. திருத்துகிற சாமானல்ல அது, மாற்றத்தான் வேண்டும். கொழும்பில் தேடி, இரவு பஸ்ஸில் பார்சல் போட்டு, எட்டாம் நாள்தான் கைக்கு வந்தது. சிபி யப்பானின் 400 சிசி லைசன்ஸ் வகுப்பைக் குறிவைத்துச் செய்த வண்டி. உலகம் முழுக்க விற்றதல்ல. 2022 இல் உற்பத்தியும் நின்றுவிட்டது. இனி வரும் சாமான் எல்லாம் வேறொரு சிபியிலிருந்து கழற்றினதாகத்தான் கூடுதலாக இருக்கும்.

ஆக, பழுதை யார் கண்டுபிடிப்பார் என்று கேட்டால் சிபி. சாமான் எத்தனை நாளில் வரும் என்று கேட்டால் டொமினார்.

டிசெம்பர் 8, 2024

மழை. முறிகண்டிக்கு இந்தப் பக்கம் தாரில் சாணமும் செம்மண் சேறும் கலந்து கிடந்தது. சிபியின் முன் பிரேக்கைக் கொஞ்சம் கூடப் பிடித்தேன், சில்லு பூட்டிக்கொண்டு அரை யார் வழுக்கியது. விழவில்லை. இரண்டு முன் டிஸ்க், நல்ல பிரேக், ஆனால் சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இல்லை. அன்றைக்கு மச்சானின் வண்டியில் இருந்திருந்தால் அந்த வழுக்கலே வந்திராது.

ஏபிஎஸ் இல்லாத டொமினாரும் செய்திருக்கிறார்கள். பார்த்து எடு. முன் சில்லில் டிஸ்க்குக்குப் பக்கத்தில் துளைகள் உள்ள சின்ன வளையம் ஒன்று இருக்கும், சாவியைப் போட்டால் மீற்றரில் ஏபிஎஸ் லைற் எரிந்து, ஓடத் தொடங்கினதும் அணையும்.

பெப்ரவரி 16, 2025

வாகன இறக்குமதி திறந்தாயிற்று, பொறுத்துப் புதிதாக எடுப்போமா என்று கேட்கிறாய். 2020 மார்ச்சில் பூட்டினது, இந்த மாதம் முதலாம் திகதி திறந்தது. வரியோடு என்ன விலை வந்து நிற்கும் என்று பார்க்க இரண்டு மூன்று மாதம் பொறுப்பதில் நட்டமில்லை. பழையதை விற்கிறவர்களின் கையும் அதற்குள் கொஞ்சம் இளகும். ஆனால் உன் பல்சரின் விலையும் அதோடு இறங்கும், அதையும் கணக்கில் எடு.

இப்போது அறுவடை. பரந்தன் பக்கம் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. ஓரத்தில் கல்லும் மரக்கொப்பும் வைத்திருப்பார்கள். நெல்லுக்கு மேலே ஏறினால் இரண்டு வண்டியும் ஒன்றுதான், எந்த ரயரும் பிடிக்காது. மெதுவாகப் போ. அது ஒருவரின் ஆறு மாதம்.

மார்ச் 13, 2025

வவுனியாவில் 2018 டொமினார், ஏபிஎஸ் உள்ளது, ஒரு கை பாவித்தது, விலையும் இறங்கி வந்தார் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஒன்பது மாதத்தில் நான் எத்தனையைத் திருத்தி எழுதியும் உன் ஓட்டத்துக்கு என் பதில் முதல் நாள் சொன்னதுதான். ஒவ்வொரு நாளும் வேலைக்கு, இரவும் மழையும் பரந்தன்–முல்லைத்தீவு ரோட்டான ஏ35 இல், லீற்றருக்கு 28. உன் வீட்டில் நெல் மூட்டை இருந்தால் வண்டியை வேறு பக்கம் விடு.

நான் சிபியை விற்கப் போவதில்லை. யாரோ கேட்டிருந்தார்கள். முன் லைற்றை மட்டும் மாற்றப் போகிறேன்.

காசு கொடுக்க முதல் செய்யவேண்டியது: சேசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடு. மச்சான் முதலில் பார்த்த வேறொரு வண்டியில் சேசி நம்பர் இருந்த இடம் உரைஞ்சு, மேலே புதுப் பெயின்ற் அடித்திருந்தது. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் பள்ளம். விற்கிறவர் நல்லாய்த்தான் பேசினார். மச்சான் எழும்பி வந்துவிட்டான். லீசிங் முடிந்ததா என்றும் புத்தகத்தில் பார். எஞ்சின் ஆறியிருக்கும்போது எடுத்துக் காட்டச் சொல். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேள்.

தனியாகப் போகாதே. சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. காலை ஏழு மணிக்கு முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் கடைப் பக்கம் சிபியோடு நிற்பேன். பரந்தன் ஐயாவும் வருகிறேன் என்றிருக்கிறார், அவரை நான் ஏற்றிக்கொண்டு வருவேன். திரும்பும்போது தேங்காய் உடைக்கலாம். நீ ஹெல்மற் இரண்டு கொண்டுவா, ரோச் அவரிடம் இருக்கிறது.